ஓசி யாரு, ஓனர் யாரு?
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த வாட்டி வந்த தபால், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி வீட்டுச் சண்டை, ரயில் சண்டை, டீக்கடைச் சண்டை. பதில் கேக்கல யாரும், தீர்ப்பு கேக்கறீங்க. நமக்கு அந்த அளவுக்கு சொம்பும் இல்ல ஆலமரமும் இல்ல, தெரிஞ்சத சொல்றேன்.

அண்ணே, நான் ஒரு துணிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன், தினம் பொம்பளைங்களுக்கு காசு வாங்காத ஒயிட் போர்டு பஸ்லதான் போய்வர்றேன். கொழுந்தனார் ஐடி கம்பெனி. பொங்கலுக்கு எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப "நாங்க கட்டுற வரியிலதான அண்ணி நீங்கல்லாம் ஓசில போறீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு சோறு இறங்கல. என்ன சொல்லியிருக்கணும்?
– ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

மொதல்ல வடை இருந்துச்சான்னு கேட்டிருக்கணும், வாய அடைக்க அதுதான் சுலபம். சரி, விஷயத்துக்கு வரேன்.

வரின்னாலே வருமான வரி மட்டும்தான்னு நம்மாளுங்க மண்டைல ஆணி அடிச்ச மாதிரி இறங்கியிருக்கு தங்கச்சி. நீங்க உங்க போனுக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்றீங்கன்னு வைங்க, அதுல 45 ரூபாய் சில்லறை ஜிஎஸ்டி. கேஸ் சிலிண்டர்ல 5 சதவீதம், 2025 செப்டம்பர்ல குறைச்சதுக்கு அப்புறமும் சோப்பு, பேஸ்ட், ஷாம்புல 5 சதவீதம். உங்க வீட்டுக்காரர் வண்டிக்கு பெட்ரோல் போட்டா அதுல மத்திய அரசுக்கு ஒரு பங்கு, மாநிலத்துக்கு ஒரு பங்கு. சம்பளம் 12,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் சோப்புக்கு ஒரே வரிதான். ஆக நீங்களும் வரி கட்டுற ஆளுதான், யாரும் உங்களுக்கு ஃபார்ம் 16-ன்னு வரி புடிச்ச சான்றிதழ் குடுக்கல, அவ்ளோதான் வித்தியாசம்.

இப்ப கொழுந்தனார்கிட்ட வருவோம். 2025 ஏப்ரல்லேருந்து புது வரிமுறைல வருஷம் 12 லட்சம் வரைக்கும் சம்பாதிக்கறவங்களுக்கு வருமான வரியே கிடையாது, சம்பளக்காரங்களுக்கு நிலையான கழிவு 75,000 சேத்தா 12.75 லட்சம். அவரு அதுக்குள்ள வர்றாரான்னு நைசா விசாரிங்க. வந்தாருன்னா வருமான வரி கணக்குல அவரும் நீங்களும் ஒரே பெஞ்சு. அதுக்கும் மேல வாங்கறாருன்னா சந்தோஷம், நிஜமாவே கட்டறாரு, மரியாதையா அந்த பாயிண்ட குடுத்துருங்க. ஆனா அவரு ஆபீசுக்கு எதுல போறாருன்னு நீங்க எழுதல. லோக்கல் ட்ரெயின்ல சீசன் டிக்கெட்னா, 2016 வாக்குல ரயில்வே டிக்கெட்லயே ஒரு வரி அச்சடிச்சாங்க, பயணச் செலவுல சராசரியா 57 சதவீதம்தான் டிக்கெட் காசா வருதுன்னு. மீதியை யாரு குடுக்கறா? அவரு ஊசியா இருந்தா நீங்க நூலு, ரெண்டு பேரும் ஒரே துணியத்தான் தைக்கறீங்க.

ஓசிங்கற வார்த்தைக்கே ஒரு கதை சொல்லுவாங்க, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல அவங்க ஆபீஸ் தபால்ல ஓ.சி.ன்னு முத்திரை குத்தி காசில்லாம அனுப்புவாங்களாம், அதுலேருந்துதான் ஓசி வந்துச்சாம். நிஜமோ கட்டுக்கதையோ, மொத ஓசி துரைமாருங்கதான்னு அந்தக் கதைல ஒரு குசும்பு இருக்கு பாருங்க, அதுக்காகவே எனக்குப் புடிக்கும். 2022-ல ஒரு மந்திரியே மேடைல ஓசின்னு பேசி வாங்கிக் கட்டிக்கிட்டாரு. திட்டத்த கொண்டுவந்த கட்சிக்காரருக்கே அது நாக்குல வருதுன்னா கொழுந்தனார மட்டும் சொல்லி என்ன பண்றது.

நான் திட்டத்துக்கு கொடி புடிக்கல. 2021 மே மாசம் ஆரம்பிச்சாங்க, சாதாரண கட்டண டவுன் பஸ்ல மட்டும்தான் செல்லும், எக்ஸ்பிரஸ்ல ஏறினா காசுதான். வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு அது நல்லதுன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா எங்க ஸ்டாப்பிங்ல காலைல எட்டே காலுக்கு நடக்கறத வந்து பாருங்க. பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க மட்டும் நின்னா டிரைவர் ஸ்டாப்பிங்க தாண்டி ஒரு நாப்பது அடி தள்ளிப்போய் வண்டிய நிறுத்துவாரு, டிபன் கேரியர் பைய கைல புடிச்சுக்கிட்டு இதுங்க ஓடும், பின்னாடி படி கிட்ட போறதுக்குள்ள விசில் ஊதிடும். அதுல பூ விக்கற ஒரு அம்மா, கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு, மூணாவது பஸ்லதான் ஏறுவாங்க தினமும். ஒருநாள் கேட்டேன், ஏம்மா சத்தம் போட மாட்டீங்களான்னு. "சும்மா போறோம்ல, எப்புடி தம்பி கேக்கறது"ன்னாங்க. ஓசின்னு நம்ம வாயில வர்ற வார்த்தை இங்கதான் வேலை செய்யுது. அவங்களுக்கு பூஜ்யம் ரூபாய் போட்டு கண்டக்டர் கிழிச்சுக் குடுக்கறதும் டிக்கெட்தான், அந்தக் காச கவர்மென்ட் போக்குவரத்துக் கழகத்துக்கு குடுக்கறதாத்தான் ஏற்பாடு. இன்னொரு பக்கம், ரிட்டயர் ஆன டிரைவர் கண்டக்டர்ங்களோட அகவிலைப்படி பாக்கிய கேட்டு 2024 ஜனவரில ஸ்டிரைக்கே நடந்துச்சு. கொழுந்தனாருக்கு வரிப்பணத்து மேல நிஜமாவே அக்கறைன்னா அடுத்த பொங்கலுக்கு இத எடுத்துப் போடுங்க, பேச நிறைய இருக்கு.

நோட்டா ஜெயிச்சா மறுதேர்தல்தானே? நண்பன்கூட 500 ரூபாய் பந்தயம் கட்டியிருக்கேன்.
– வாசகர், கோவை

500 ரூபாய எண்ணி வைங்க. நோட்டாவுக்கு ஒரு லட்சம் விழுந்து பக்கத்துல ஒருத்தர் 12 ஓட்டு வாங்கியிருந்தா, எம்எல்ஏ எலெக்ஷன்ல அந்த 12 ஓட்டுக்காரர்தான் எம்எல்ஏ. 2013-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்த பட்டன் அது. முன்னாடி 49-ஓன்னு ஒண்ணு இருந்துச்சு, பூத்துக்குள்ள போய் ஆபீசர்கிட்ட "எனக்கு யாரும் வேணாம்"னு வாய்விட்டு சொல்லி கையெழுத்து போடணும், எல்லா கட்சி ஏஜென்ட்டும் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பான். ரகசியமா வெறுக்கறதுக்கு ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

நான் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க. டீ குடிக்கறப்ப "வடக்கனுங்க வந்து நம்ம பொழப்பையும் கெடுத்து ஓட்டையும் போடப் போறானுங்க"ன்னு வீடியோல வந்தத சொன்னேன். காலேஜ் படிக்கற என் மகளே "அப்பா அந்த வார்த்தைய சொல்லாதீங்க"ன்னு சண்டைக்கு வர்றா. நாங்க சொல்றதுல என்னங்க தப்பு?
– வாசகர், திருப்பூர்

ஏனுங்ணா, இதுல மூணு விஷயத்த ஒரே நூல்ல கட்டியிருக்கீங்க, பிரிச்சுப் பாப்போம்.

ஓட்டு. 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல இருக்கறது ஒரே அளவுகோல்தான், ஒருத்தர் எங்க வழக்கமா குடியிருக்காரோ அங்க அவருக்கு ஓட்டு, ஒரே ஒரு இடத்துல. ஊரு பீகாரா பெருந்துறையான்னு கேக்காது. ரெண்டு எடத்துல பேரு வெச்சிருந்தா அது தப்பு, பொய் சொல்லி எழுதிக் குடுத்தா தண்டனையே உண்டு. அதனால உங்க பயம் தப்புன்னு நான் சொல்லல, ஒரே ரூம் அட்ரஸ்ல நாப்பது பேரு இருக்கான்னா கேள்வி கேக்கத்தான் வேணும். அதுக்கு வரைவு பட்டியல் வர்றப்ப போய்ப் பாத்து, பேர நீக்கச் சொல்ற ஃபார்ம் 7 குடுக்கணும், டீக்கடைல குடுத்தா செல்லாது.

பொழப்பு. இதுதான் உங்க நிஜமான வலின்னு நினைக்கறேன், மத்ததெல்லாம் அதுக்கு மேல போட்ட சாயம். கம்மி கூலிக்கு ஆள் வர்றான், உங்க கூலி ஏற மாட்டேங்குது. சரி, அந்தக் கூலிய நிர்ணயம் பண்றது ஒடிசாலேருந்து பைய தூக்கிட்டு வந்த பத்தொம்போது வயசுப் பையனா? முதலாளியும் ஆள் புடிச்சுக் குடுக்கற காண்ட்ராக்டரும் பேசி வெக்கற ரேட்டு அது. அவங்கள திட்ட நம்மகிட்ட ஒரு பட்டப்பேரு கூட இல்ல பாருங்க.

மூணாவது அந்த வார்த்தை. 1966-ல பம்பாய்ல சிவசேனா ஆரம்பிச்சப்ப மொத குறியே நம்மாளுங்கதான். மதராசிங்க வந்து எங்க வேலையெல்லாம் புடுங்கறானுங்கன்னு பேச்சு, லுங்கிக்காரன வெரட்டுன்னு கோஷம், உடுப்பி ஹோட்டலுக்கெல்லாம் அடி. நீங்க டீக்கடைல சொன்னீங்களே, எழுத்து மாறாம அதேதான், மராத்தில. அந்த ஊர்லயே சயான் கோலிவாடா தொகுதில இப்ப எம்எல்ஏ யாருன்னா நம்ம புதுக்கோட்டைலேருந்து பொழைக்கப் போன தமிழ்ச்செல்வன், 2014-லேருந்து மூணு தடவையா ஜெயிக்கறாரு. அவரு ஜெயிச்சா நமக்கு பெருமை, ஃபோட்டோ ஷேர் பண்றோம்.

வீடியோன்னு சொன்னீங்க. 2023 மார்ச்ல என்ன ஆச்சுன்னு உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா. தமிழ்நாட்டுல பீகார்காரங்கள வெட்டறாங்கன்னு எங்கயோ எப்பவோ நடந்த வேற வேற சண்டை வீடியோவ ஒட்டி அங்க பரப்பிவிட்டானுங்க. போலீஸ் பொய்னு சொல்றதுக்குள்ள வீட்லேருந்து அழுதுகிட்டே போன், ஹோலிக்கு ஊருக்குப் போற கூட்டத்தோட பயந்து போற கூட்டமும் சேந்து ஸ்டேஷன்ல நிக்குது, பீகார் கவர்மென்ட் ஒரு குழுவையே அனுப்பி பாத்துட்டுப் போச்சு. அங்க அவனுக்கு வந்த வீடியோ மாதிரிதான் இங்க உங்களுக்கு வந்த வீடியோவும். ரெண்டு பேரையும் பயமுறுத்தி எவனோ வியூஸ் எண்ணிக்கிட்டு இருக்கான்.

எங்க தெரு பரோட்டா கடைல ஒடிசாப் பையன் ஒருத்தன், வந்து எட்டு மாசம் இருக்கும். போன வாரம் என்னப் பாத்து "அண்ணே, சால்னா தீந்துபோச்சு, குருமா ஊத்தவா, மூஞ்சிய தூக்காதீங்க"ன்னான். மூஞ்சிய தூக்கறதுங்கற வார்த்தைய எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. உங்க மக சொல்றதுதான் சரி.

ஒரு பூத்துல டெண்டர் ஓட்டு 14 சதவீதத்த தாண்டினா மறு ஓட்டுப்பதிவுன்னு ஃபார்வர்ட் வருதே, ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் எங்க மாமா அனுப்பறாரு.
– வாசகர், நாகர்கோவில்

பொய். அப்படி ஒரு விதியே இல்ல. அதே ஃபார்வர்ட்ல லிஸ்ட்ல பேரு இல்லன்னாலும் ஆதார காமிச்சு சேலஞ்ச் ஓட்டு போடலாம்னு இருக்குமே, அதுவும் பொய். சேலஞ்ச் ஓட்டுங்கறது நீங்க நீங்கதானான்னு ஒரு கட்சி ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி சந்தேகப்படறது. டெண்டர் ஓட்டு மட்டும் நிஜம். உங்க ஓட்ட வேற எவனோ போட்டுட்டுப் போயிருந்தா, நீங்கதான் அந்த ஆளுன்னு நிரூபிச்சா மெஷின்ல விடமாட்டாங்க, காகிதச் சீட்டு குடுப்பாங்க, முத்திரை குத்தி அதைத் தனிக் கவர்ல போட்டு வெச்சிருவாங்க. ஓட்டு எண்ணற அன்னிக்கு அதை எண்ண மாட்டாங்க. கேஸு கோர்ட்டுக்குப் போய், வித்தியாசம் கம்மியா இருந்து, ஜட்ஜு சொன்னாத்தான் அந்தக் கவருக்கு உயிர் வரும். அந்தக் கோர்ட்டு வேகம் எப்படின்னா, 2016 எம்எல்ஏ எலெக்ஷன்ல ராதாபுரத்துல 49 ஓட்டு வித்தியாசம், அங்க தகராறு தபால் ஓட்டுல, ஹைகோர்ட் 2019-ல திருப்பி எண்ணச் சொல்லுச்சு, எண்ணியும் முடிச்சாங்க, ரிசல்ட்ட வெளில விட சுப்ரீம் கோர்ட் தடை. 2021-ல அடுத்த எலெக்ஷனே வந்துருச்சு. மாமாவுக்கு இத அனுப்புங்க, ஆனா நம்ப மாட்டாரு, இதுல "உடனே பகிரவும்"னு இல்ல.

ஃபேமிலி குரூப்ல கட்சிச் சண்டை தாங்கல, வெளிய வந்துரவா?
– வாசகி, ஈரோடு

வந்தீங்கன்னா "வெளியேறினார்"னு காட்டும், அதுக்கு தனியா ஒரு சண்டை நடக்கும். மியூட்ல போட்டுட்டு பொறந்தநாளுக்கு மட்டும் கேக்கு படம் போடுங்க.

பன்னெண்டு வருஷமா அரக்கோணம் லோக்கல்ல ஒரே பெட்டில போறோம், ஒரு செட்டா. திருவள்ளூர்ல ஏறுவார் ஒரு பெரியவர், எனக்கு நேர் எதிர்க் கட்சி. வில்லிவாக்கம் வர்ற வரைக்கும் தினம் சண்டை. கடைசியா வாரிசு அரசியல் பத்தி நான் லிஸ்ட் போட்டு பேசினேன், அவரு "போய்யா"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதுலேருந்து பத்து நாளா ஆளக் காணோம். யார்கிட்டயும் நம்பர் இல்ல. நான் அதிகமா பேசிட்டனா சார்?
– வாசகர், அரக்கோணம்

பன்னெண்டு வருஷம் சண்ட போட்ட ஆளு ஒரு "போய்யா"வோட வண்டிய மாத்தமாட்டாரு சார். உடம்பு சரியில்லாம இருக்கலாம், மக வீட்டுக்குப் போயிருக்கலாம், ரிட்டயரே ஆகியிருக்கலாம். நம்பர் வாங்காம பன்னெண்டு வருஷம் எப்படி இருந்தீங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன், யோசிச்சா நானும் அப்படித்தான், எங்க வாக்கிங் செட்ல ஒருத்தர் கட்சி, சாதி, சுகர் அளவு எல்லாம் தெரியும், பேரு தெரியாது.

ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு ஒரு வண்டி முன்னாடியே கிளம்பி திருவள்ளூர்ல இறங்குங்க. அவரு கைல தினமும் பேப்பர் இருந்திருக்கும்ல, அது இல்லாம இவ்ளோ சண்டை போட முடியாது, அப்ப ஸ்டேஷன் வாசல் பேப்பர் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். அடையாளம் சொன்னா வீட்டையே காட்டுவாரு. போறப்ப ரெண்டு சாத்துக்குடி வாங்கிக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் அவரு ஜன்னல் சீட்ல உங்க கர்சீப்ப போட்டு வைங்க, யாராவது கேட்டா ஆள் இருக்குன்னு சொல்லுங்க.

பாத்தீங்கன்னா அந்த வாரிசு லிஸ்ட்ட பத்தி நான் சொன்னதா ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க லெட்டரோட வெச்சு அனுப்பின லிஸ்ட்ட ரெண்டு தடவை படிச்சேன். அதுல உங்க கட்சிக்காரங்க மூணு பேர விட்டுட்டீங்க.