கவுனி ஒப்பந்தத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: தேவகோட்டை அருகே எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் 4 ஏக்கர் வயல் இருக்கிறது. கருப்புக் கவுனி நெல்லைக் கிலோ 60 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக ஒரு நிறுவனம் 5 ஆண்டு ஒப்பந்தத்துக்கு அழைக்கிறது. விதை, இடுபொருளுக்காக ஏக்கருக்கு 14,000 ரூபாயை அறுவடைப் பணத்தில் கழித்துக்கொள்வார்களாம். உழவு முதல் அறுப்பு வரை ஏக்கருக்கு 22,000 ரூபாய் எங்கள் செலவு. விளைச்சல் ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ. மனைவியின் நகையை அடகு வைத்து, ஆழ்துளைக் கிணறு போட்டு, 4 ஏக்கரிலும் இறங்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் சேருங்கள், ஆனால் 4 ஏக்கரிலும் வேண்டாம், நகையை வைத்தும் வேண்டாம்.

செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசிக்கு எத்தனை மதிப்பு இருந்தாலும், அதை விளைவிப்பவருக்குப் பெரும்பாலும் களத்துக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. விதைக்கும்போதே விலை தெரிந்துவிடுவது உண்மையிலேயே பெரிய நிம்மதி. பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே பயிரை வைத்தால் லாரி ஊருக்குள்ளேயே வரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகத் திரண்டு பேசினால் நிபந்தனைகளையும் ஓரளவு மாற்ற முடியும்.

எனக்குக் கவலை தருவது மழைதான். நீங்கள் சொன்ன கணக்குப்படி நல்ல ஆண்டில் 60,000 ரூபாய் வரவில் 36,000 போக, ஏக்கருக்கு 24,000 ரூபாய் மிஞ்சும். கவுனியோ ஏறத்தாழ ஐந்து மாதம் வயலில் நிற்கும், உயரமாக வளர்ந்து காற்றுமழையில் சாய்ந்துவிடும் பயிர். விளைச்சல் பாதியாகி 30,000 ரூபாய் வந்தாலும் நிறுவனம் தன் 14,000 ரூபாயை முதலில் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 6,000 ரூபாய் கைநட்டம். 4 ஏக்கருக்கு 24,000 ரூபாய் நட்டத்தோடு நகைக்கடன் வட்டியும் ஏறும். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். நெல்லுக்கு அது பொதுவாக ஊரின் சராசரி விளைச்சலைப் பார்த்தே இழப்பீடு தருகிறது, உங்கள் வயலை மட்டும் பார்த்தல்ல.

ஆகவே முதல் பருவத்தில் 2 ஏக்கர் போதும். செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குங்கள். தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி கிடையாது. கிணற்றை இரண்டு அறுவடை பார்த்த பிறகு யோசிக்கலாம்.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தமிழ்நாட்டில் 2019இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஒப்பந்தத்தை வேளாண் விற்பனைத் துறையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுக்கும் நிறுவனத்தோடு கையெழுத்து வேண்டாம். உங்கள் நிலத்தின் மீது அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். 5 ஆண்டுக்கும் அதே 60 ரூபாய் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் நடவுக்கூலி ஒரே இடத்தில் நிற்கப்போவதில்லை. ஆண்டுதோறும் விலையைத் திருத்தும் விதி வேண்டும். பயிர் பொய்த்தால் இடுபொருள் கடனை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஈரப்பதம் அதிகம் என்று ஆலை வாசலில் விலையைக் குறைப்பதே பல இடங்களில் சண்டைக்குக் காரணமாகிறது. எனவே ஈரப்பதமும் எடையும் உங்கள் களத்திலேயே, நீங்கள் பார்க்கும்போதே அளக்கப்பட்டு, அங்கேயே ரசீது தரப்பட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.