அப்பா செய்தது வெறும் ‘தோட்ட வேலை’ தானா?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அப்பாவுக்கு 71 வயது. மூன்று மாதமாக மூச்சு வாங்குகிறது. வலது விலாவில் வலி. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று இரண்டு முறை எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டருக்கு மேல். காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. ‘மீசோதெலியோமா’வாக இருக்கலாம், திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. 1975 முதல் ஒன்பது ஆண்டுகள் தோட்டத்துச் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் இருந்தார். பிறகு ஓய்வு பெறும்வரை வெளிக்காட்டு வேலை. இது நுரையீரல் புற்றுநோயா? பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா? கத்தி வைக்கத்தான் வேண்டுமா? எங்கள் வீட்டுக் கூரையும் பழைய ஆஸ்பெஸ்டாஸ்தான்.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்தது ‘பாய்லர் பக்கம்’ என்ற இடத்தைத்தான். அதை ஆஸ்பத்திரியில் சொன்னீர்களா? என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் நம் பெரியவர்கள் ‘தோட்ட வேலை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். குறிப்பிலும் அதுவே ஏறும். மரம் சீவியவர், குலை அறுத்தவர் என்று எண்ணிக்கொண்டு டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்த நோயின் துப்பு அந்த இரண்டு சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில், மீசோதெலியோமா நுரையீரல் புற்றுநோய் அன்று. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு: ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாச்சுவரின் உட்புறத்தோடு ஒட்டியது. இடையில் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் இருக்கும். மூச்சு விடும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப்போக அது போதும். மீசோதெலியோமா அந்தச் சவ்வில் தொடங்கும் புற்றுநோய். பெரும்பாலும் கட்டியாகத் திரளாமல், சவ்வோடு சவ்வாகப் படரும். ரப்பர் பால் உறைந்து தட்டில் தகடாகத் தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நுரையீரலைச் சுற்றித் தடிக்கிறது. நீர் சுரப்பதும், விலா வலிப்பதும், நுரையீரல் விரிய முடியாமல் திணறுவதும் அதனால்தான்.

இதற்கு முதன்மையான காரணம் ஆஸ்பெஸ்டாஸ் நார். அந்தக் காலத்து நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளைப் பூச்சுப் பூசியிருப்பார்கள், பாய்லர் கதவு விளிம்பில் கயிறுபோல ஒன்றைத் திணித்திருப்பார்கள். சூடு தாங்குவதற்காக அவற்றில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். பழுது பார்க்கும் நாளில் பழைய பூச்சைத் தட்டி உதிர்த்தால் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும். மூச்சோடு உள்ளே போன நாரை உடலால் கரைக்க முடியாது. சவ்வுவரை சென்று, அங்கேயே கிடந்து, பல்லாண்டுகள் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். நோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்வரை ஆகலாம். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இந்தத் தொடர்பு உலகுக்குத் தெளிவானது. அவர்களில் சிலர் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சுரங்க வட்டாரத்தில் சிறுவயதில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. அப்பா புகைக்காதவர் என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது.

இனி கத்தி. நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோயைத் தேடுவது சரியான வழக்கம்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த நீரில் புற்று அணுக்கள் தெரியாமல் போவது மீசோதெலியோமாவில் சாதாரணம். நீர் சுத்தமாக வந்தது என்று நிம்மதியடைந்து வீடு திரும்பி, மூன்றாம் முறை, நான்காம் முறை என்று வடித்துக்கொண்டே இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். விலா இடுக்கில் சின்னதாகக் கீறி, கேமரா குழாயைச் செலுத்தி, சவ்விலிருந்து சில துண்டுகள் எடுப்பார்கள். அதுதான் ‘தோராக்கோஸ்கோப்பி’. நெஞ்சைப் பிளக்கும் ஆபரேஷன் இல்லை. நோய் உண்டா என்பதோடு எந்த வகை என்பதும் அதில் தெரியும். எப்பித்தீலியல் வகை மற்றவற்றைவிடச் சற்று மெதுவாகப் போகும். மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் வகை தெரிய வேண்டும். ஆகவே, செய்துகொள்ளுங்கள்.

நோய் உறுதியானால் முழுக் குணம் கிடைப்பது மிக அரிது. இதை உங்களிடம் மறைப்பது நியாயமாகாது. காலத்தை நீட்டவும் மூச்சுத்திணறலைக் குறைக்கவும் வழி இருக்கிறது. சிஸ்பிளாட்டின், பெமெட்ரெக்செட் மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி நீண்டகாலமாக வழக்கில் உள்ளது. நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், சராசரி ஆயுள் கீமோவில் 14.1 மாதமாகவும் இவற்றில் 18.1 மாதமாகவும் இருந்தது. விலை அதிகம், அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று புற்றுநோய் நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். சவ்வையே உரித்தெடுக்கும் பெரிய அறுவையை யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான மார்ஸ் 2 ஆய்வில், கீமோவோடு அந்த அறுவையும் செய்துகொண்டவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை.

நீர் திரும்பத் திரும்பக் கோக்காமலிருக்க இரண்டு சவ்வுகளுக்கும் இடையே டால்க் தூளைச் செலுத்தி ஒட்டவைப்பார்கள். முகப்பவுடரா என்று திகைக்காதீர்கள்; அது கிருமி நீக்கிய மருத்துவத் தூள். ஒட்டாவிட்டால், வீட்டிலேயே நீரை வடிக்கும்படி சிறு குழாய் பொருத்துவார்கள்.

பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம், இது தொற்றாது. அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அப்பாவின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தது யார்? அந்தத் தூசியாலேயே நோய் வந்த மனைவிமார் உண்டு. அம்மாவுக்கு நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், இந்தச் செய்தியையும் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். இல்லையென்றால் அவரைப் பயமுறுத்த வேண்டாம்.

கூரை உடையாமல் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீபாவளிக்கு முன் ஏறிப் பாசியைத் தேய்ப்பது, துளையிடுவது, ரம்பத்தால் அறுப்பது எல்லாம் வேண்டாம். மாற்றுவதானால் விவரம் தெரிந்த குத்தகையாளரைக் கொண்டு, நனைத்து, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொக்சோ, அதாவது மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்சார் நோய்களையும் கணக்கில் எடுக்கிறது. அவற்றின் பட்டியல் ஐந்தாம் அட்டவணையில் உள்ளது. வேலையை விட்டு இத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்பதால் கேள்விகள் எழும். ஆகவே திசு முடிவு வருவதற்குள் அப்பாவை உட்காரவைத்து எழுதுங்கள்: எந்த ஆலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை, கையால் என்ன தொட்டார், தூசி எப்படிப் பறந்தது. ஒரு நகல் டாக்டருக்கு, ஒன்று சொக்சோவுக்கு. பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கணக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பாய்லரில் அப்பாவோடு நின்றவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். போகும்போது, அவருக்கும் மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.