பதினெட்டு வயதை விடுதியில் பூட்ட வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் தரப்புள்ளியில் (ரேட்டிங்) 1920 பெற்று, செஸ்ஸையே தன் வாழ்க்கையாகக் கொள்ள விரும்புகிறாள். உங்கள் அண்ணனோ ஓராண்டு நீட் விடுதிப் பயிற்சியில் சேர்த்தே தீர வேண்டும் என்கிறார். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ரேட்டிங் கணக்கில் ஒரு விதி இருக்கிறது. பதினெட்டாம் பிறந்தநாள் வரும் ஆண்டின் இறுதி வரை, 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் ‘கே’ எண் 40. அதன் பிறகு 20. தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரை வென்றால் இன்று 20 புள்ளி கூடும், அடுத்த ஜனவரியில் 10 தான் கூடும். தோற்றாலும் அதே வேகத்தில் இறங்கும் என்பது உண்மையே. ஆயினும் ஆட்டம் முன்னேறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இதைவிடச் சாதகமான காலம் திரும்ப வராது. நவம்பரில் பதினெட்டு நிறையும் அவளை, உயிரியலில் நாட்டமே இல்லை என்று அவளே சொன்ன பிறகும், ஜூனிலேயே விடுதிக்கு அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

வைஷாலியைக் காட்டி உங்களுக்கு ஆசையூட்ட மாட்டேன். ஹம்பி, ஹரிகா, வைஷாலி ஆகியோருக்குப் பிறகு, 2025-இல் திவ்யா தேஷ்முக் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அந்தப் பட்டம் பெற்ற இந்தியப் பெண்கள் நால்வரே. உங்கள் மகளுக்கு அடுத்த இலக்கு 2200 ரேட்டிங்கும் நார்ம்களும் (போட்டிகளில் எட்ட வேண்டிய தகுதி அளவுகள்) தேவைப்படும் மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம். உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே அவள் அதற்கு முயலலாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளைப் பற்றி ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். பலர் யோசிக்காதது ஆர்பிட்டர், அதாவது செஸ் போட்டி நடுவர் பணி. அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் நடுவர் தேர்வில் தொடங்கி, ஃபிடே கருத்தரங்கு, அதன் தேர்வு, போட்டிகளில் பணியாற்றிப் பெறும் நார்ம்கள் என்று படிப்படியாக ஃபிடே ஆர்பிட்டராகவும் இன்டர்நேஷனல் ஆர்பிட்டராகவும் உயரலாம். நீண்ட நேரம் ஆடப்படும் கிளாசிக்கல் ஆட்டத்தில் ஒருவர் விதிமீறிய நகர்வைச் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பழைய நிலையை மீட்டு, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். அதே ஆள் மறுபடியும் செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். ஒரே நிலை மூன்று முறை வந்தது என்று டிரா கோரினால், நகர்வுகள் எழுதிய தாளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பலகைக்கு முன் பல ஆண்டுகள் உட்கார்ந்தவளுக்கு இந்தக் கண்ணும் நிதானமும் ஏற்கெனவே இருக்கும். இதில் வரும் மதிப்பூதியம் மட்டும் குடும்பம் நடத்தப் போதாது. பட்டப்படிப்பும் சிறுவர்களுக்கான பயிற்சி வகுப்புகளும் உடன் இருந்தால் உறுதியான பிழைப்பாகும். அவள் தொடர்ந்து போட்டிகளில் ஆடவும் இது தடையில்லை.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நிலத்தை விற்று மருத்துவ இடம் வாங்குவது எவ்வளவு தவறோ, நகையை அடகு வைத்து ஐரோப்பியச் சுற்றுப்பயணம் அனுப்புவதும் அவ்வளவு தவறு. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து ஆடும் டெல்லி சர்வதேச ஓபன் போன்ற போட்டிகளில் முதலில் ஆடட்டும். ஆண்டுக்கு எவ்வளவு என்று கணவரோடு பேசி ஒரு தொகையை முடிவு செய்து, மகளிடமே சொல்லிவிடுங்கள். எந்தப் போட்டிக்குப் போவது, எதை விடுவது என்பதை அதற்குள் அவளே தீர்மானிக்கட்டும். விடுதிக்கான முன்பணத்தை மட்டும் இந்த வாரம் கட்டாதீர்கள்.