கேளுங்கள், சொல்கிறோம்: வீட்டிலிருந்து வேலை

பொங்கோல் வாசகர்: சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 1 ஜிகாபிட் இணைப்பு. வேகச் சோதனையில் 300 மெகாபிட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆனால் ஸூம் கூட்டத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறது, பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் பாம் ஷெல்ட்டருக்குள் (வீட்டுப் பதுங்கு அறை) இருக்கின்றன. 3 ஜிகாபிட்டுக்கு மாறலாமா?

மாறாதீர்கள், காசுதான் வீண். ஒரு ஸூம் கூட்டத்துக்கு விநாடிக்கு 3, 4 மெகாபிட் போதும். வேகச் சோதனை காட்டுவது சராசரி. பேச்சு அறுபடுவதோ நடுநடுவே விழும் அரை விநாடி இடைவெளியில். அது சராசரியில் தெரியாது.

பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று முதலில் பாருங்கள். கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் (ping) கட்டளையுடன் ரவுட்டரின் முகவரி எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். விண்டோஸில் ஒரு முறைக்கு நாலு விடைதான் வரும், அதனால் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். எல்லாம் 10 மில்லிவிநாடிக்குள் இருந்தால் வைஃபை நலம். இடையில் 150, 200 என்று எகிறினால் பழுது உங்கள் வீட்டுக்குள். எந்தத் திட்டம் வாங்கினாலும் தீராது.

உங்கள் வீட்டில் ஷெல்ட்டர்தான் காரணமாக இருக்கும். தடித்த கம்பிக் காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபைக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ஃபைபர் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். அதிலிருந்து கேட் 6 வகை இணையக் கேபிள் இழுத்து ரவுட்டரை மட்டும் வரவேற்பறைக்குக் கொண்டுவாருங்கள். கேபிளுக்காக ஷெல்ட்டர் சுவரைத் துளைத்துவிடாதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. கதவைச் சற்றே திறந்துவைத்து அந்த இடுக்கு வழியே விடலாம். அழுத்திச் சாத்தினால் கேபிள் நசுங்கிப் பழைய தொல்லை வேறு வேடத்தில் வரும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்குத் தனிப் பெயர் வைத்து, வேலைக் கணினியை அதில் மட்டும் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் மோதும். மைக்ரோவேவ் ஓடினாலும் தடுமாறும். முடிந்தால் மேசைவரைக்கும் கேபிளே இழுத்துவிடுங்கள்.

ஜூரோங் வாசகி: விலையுயர்ந்த புளூடூத் இயர்போன். பாட்டு அருமை. கூட்டத்தில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள்.

இயர்போன் கெடவில்லை. பாட்டு ஒருவழிப் பயணம். புளூடூத் அதைத் தரமாகக் கொண்டுவரும். மைக்கைத் திறந்ததும் இருவழித் தொலைபேசி முறைக்கு மாறுகிறது, தரம் இறங்கிவிடுகிறது. ஸூமில் மைக் படத்துக்கு அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தி, மைக்காக மடிக்கணினியையும் ஒலிபெருக்கியாக இயர்போனையும் தேர்ந்தெடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மட்டும் இந்த வழி உதவாது, காற்றுச் சத்தம் மைக்கில் புகுந்துவிடும். அப்போது மைக் வைத்த சாதாரண வயர் ஹெட்செட்டே மேல்.

தெம்பனிஸ் வாசகர்: சென்னையிலும் லண்டனிலும் குழு. மார்ச் முடிவில் கூட்டங்கள் ஒரு மணி நேரம் மாறிவிடுகின்றன.

மார்ச் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரத்தை முன்னால் நகர்த்துகிறது, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பிவிடுகிறது. சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் 8 மணி நேர வேறுபாடு, கோடையில் 7. சென்னை எப்போதும் நமக்கு இரண்டரை மணி பின்னால். நாட்காட்டி அழைப்பு எந்த நாட்டு நேரத்தில் உருவானதோ அதையே பின்பற்றும். லண்டன்காரர் காலை 9 என்று அனுப்பியது நமக்குக் குளிரில் மாலை 5, கோடையில் மாலை 4. அழைப்பைச் சிங்கப்பூர் நேரத்தில் நீங்களே உருவாக்குங்கள். மாலை 5 மணி என்றால் சென்னைக்குப் பிற்பகல் 2.30, லண்டனுக்குக் காலை 9 அல்லது 10. மூவருக்கும் தோது.

மற்ற வேலைகளுக்குக் கூட்டமே வேண்டாம். “ஹாய், இருக்கீங்களா?” என்று போட்டுவிட்டுக் காத்திருக்காமல், “மே மாத விலைப்பட்டியல், 3ஆம் தாள்: வரி 9 விழுக்காடா? நாளை நண்பகலுக்குள் சொன்னால் அனுப்பிவிடுவேன்” என்று ஒரே செய்தியில் முடியுங்கள். அவர் விழித்ததும் பதில் வந்துவிடும்.

உட்லண்ட்ஸ் வாசகி: பகிர்ந்த எக்செல் கோப்பை ஒருவர் திறந்தால் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்கிறது.

பழைய எக்ஸ்எல்எஸ் (.xls) வடிவமாக இருக்கலாம், அதில் பலர் சேர்ந்து எழுத முடியாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸாக (.xlsx) சேமித்து, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் வையுங்கள். எல்லாரும் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவைப் போட்டிருக்க வேண்டும். பழைய கோப்பை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் அதையேதான் திறப்பார்.