குடல் எரிச்சல் நோய் பரம்பரைச் சொத்தா?

கேள்வி (மொரீஷியஸ், ரோஸ்ஹில் வாசகி): என் தாயாருக்கும் எனக்கும் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் உண்டு. பரீட்சை நெருங்கினால் என் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கும் வருமா?

பதில்: வரலாம், வந்தே தீரும் என்பதில்லை. 2001இல் வெளியான இரட்டையர் ஆய்வொன்றில், ஒருவருக்கு இந்நோய் இருந்தபோது உடன்பிறந்த இரட்டையருக்கும் இருந்தது, ஒரே கருவில் பிரிந்தவர்களிடையே சுமார் 17 விழுக்காடு, தனித்தனிக் கருவினரிடையே சுமார் 8 விழுக்காடு. மரபணுவுக்குப் பங்குண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதே ஆய்வில், இரட்டையருக்கு நோய் இருப்பதைவிடத் தாய்க்கு இருப்பதே வலுவான முன்னறிகுறியாக இருந்தது. வயிற்றுவலியை வீட்டார் எதிர்கொள்ளும் விதத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பதும் இதற்குக் காரணமாகலாம். ஆகவே, வலி என்றதும் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவலைப்படாதீர்கள். அவள் வலியை நம்புங்கள், அன்றாட வேலையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எச்சிலை வெளிநாட்டுக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்யலாமா?

பதில்: பணம் வீண். 2021இல் 53,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தும் நோயுடன் தொடர்புடைய ஆறே மரபணு இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. குடல் தசையின் சோடியம் வாயிலை (சோடியம் உயிரணுவுக்குள் நுழையும் வழியை) உருவாக்கும் எஸ்சிஎன்5ஏ மரபணுவில் பழுதுள்ளவர்கள் நோயாளிகளில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே. கடைசி மூன்று மாதங்களில் வாரம் ஒரு நாளாவது வலி, அதனுடன் மலம் கழிக்கும் எண்ணிக்கையிலோ தன்மையிலோ மாற்றம் ஆகியவற்றை விசாரித்தே மருத்துவர் நோயைக் கணிக்கிறார்.

கேள்வி: "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. முன்பு சொன்ன ஆறு மரபணு இடங்களில் என்சிஏஎம்1, சிஏடிஎம்2 போன்ற மரபணுக்கள் நரம்பு மண்டலத்தில் இயங்குபவை. பதற்ற நோயோடும் தொடர்புள்ளவை. ஐ.பி.எஸ்.க்கும் பதற்ற நோய்க்கும் வேர் ஓரளவு பொதுவானது என்பதே இதன் பொருள். பதற்றம்தான் வயிற்றைக் கெடுத்தது என்பதல்ல.

கேள்வி (போர்ட் லூயிஸ் வாசகர்): டால்பூரி தின்றால் வயிறு ஊதுகிறது. இதுவும் பரம்பரையா?

பதில்: பெரும்பாலும் பருப்புதான். பூரிக்குள் வைக்கும் பருப்பிலும், உடன் ஊற்றும் அவரைக் கறியிலும் உள்ள ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மனிதர் எவரிடமும் இல்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. ஒரு ஜோடிக்குப் பதில் ஒன்றோடு நிறுத்திப் பாருங்கள். பாலால் தொல்லை என்றால் மட்டும் மரபணுவைச் சந்தேகிக்கலாம். வளர்ந்தபின் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமை தென்னிந்திய வம்சத்தாரிடம் சாதாரணம்.

கேள்வி: 55 வயதில் வயிற்றுத் தொல்லை புதிதாகத் தொடங்கியுள்ளது. ஐ.பி.எஸ். தானா?

பதில்: அப்படி எண்ணிக் காத்திருக்காதீர்கள். இந்த வயதில் புதிதாக வந்தாலோ, மலத்தில் இரத்தம், எடை குறைதல், இரத்தசோகை இருந்தாலோ, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலோ, உடனே பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோபி) குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.