பகல் மின்சாரமும் குறுவையும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதாகப் படிக்கிறேன். ஆனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், குறுவை நாற்றங்காலுக்கு இறைக்கும் மே மாதத்தில், சாயங்காலம் ஆனால் மோட்டார் இழுக்காத அளவுக்கு வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. மும்முனை மின்சாரம் பாதி நாள் இரவில்தான் வருகிறது. நிலக்கரியைக் குறைத்தால் அந்தப் பாரமும் விவசாயி தலையில்தான் விடியுமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

வோல்டேஜ் இறங்குவது பெரும்பாலும் உள்ளூர்ச் சிக்கல். டிரான்ஸ்பார்மரின் திறனுக்கு மேல் மோட்டார்களும் ஏசிகளும் சேர்ந்துவிடுகின்றன. கம்பியும் நீண்டுகொண்டே போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததைப் போலத்தான் கம்பியின் கடைசி மோட்டாருக்கும் நேர்கிறது. நெய்வேலியில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் இது தீராது. கூடுதல் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

இரவு மின்சாரம் வேறு கதை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அப்படிப்பட்ட வெயில் நாளில் பகல் தேவையில் கணிசமான பங்கைச் சூரிய மின்சாரம் தாங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் அது அடியோடு நின்றுபோகும்; வீடுகளில் விளக்கும் ஏசியும் கூடுவதும் அப்போதுதான். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று வலுக்கத் தென்மேற்குப் பருவம் தொடங்க வேண்டும். நிலக்கரி எரிக்கும் அனல் நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. ஆனாலும் இன்றைக்கு மாலை நேரத்தைப் பெருமளவு தாங்குவது அதுதான். மாற்று ஏற்பாடு வருமுன் அதை மூடச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2012இன் மின்வெட்டை டெல்டாவில் யார் மறப்பார்கள்?

மாற்று என்ன என்பது நமக்குத் தெரியாததும் அல்ல. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் இதே போன்ற குந்தாவின் 500 மெகாவாட் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பக்கத்துத் திருமாக்கோட்டையில் இருப்பது போன்ற எரிவாயு நிலையங்களும் நிலக்கரியைவிட விரைவாக ஏறி இறங்கக்கூடியவை.

ஆனால் இவற்றையெல்லாம்விட மலிவான வழி உங்கள் வயலிலேயே இருக்கிறது. இரவில் பம்புசெட்டுக்கு மின்சாரம் விடும் வழக்கம், நள்ளிரவில் தேவை குறைந்து அனல் மின்சாரம் மிஞ்சிய காலத்தில் வேரூன்றியது. இப்போது மிஞ்சுவது நண்பகலில். நெல்வயலில் தண்ணீர் நிற்கும். காலை பத்து மணிக்குப் பாய்ச்சினாலும் இரவு இரண்டு மணிக்குப் பாய்ச்சினாலும் பயிருக்கு ஒன்றுதான். வரப்பில் டார்ச் விளக்கோடு நடக்கும் மனிதனுக்கு ஒன்றல்ல. பாம்பு கடித்தும், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டும் செத்தவர்களைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பகலில் இறைத்து வயலில் நிறுத்தும் தண்ணீர், பேட்டரி வாங்காமலே செய்யும் சேமிப்பு. ஆகவே நிலக்கரி குறைவதன் பாரம் உங்கள் தலையில் விடிய வேண்டியதில்லை. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை தடையில்லாத மும்முனை மின்சாரம் தந்தால் மாலை நேர நெருக்கடியும் குறையும், நீங்களும் இரவில் தூங்கலாம். அந்த எட்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்க வேண்டும். பகலிலும் பாதி வெட்டிவிட்டு இரவையும் பறித்தால் அது அநியாயம்.

ஓர் அச்சமும் உண்டு. சூரிய பம்புசெட்டை மானியத்தில் தனியாகப் பொருத்திவிட்டால், வெயில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். வேதாரண்யம் பக்கம் ஏற்கெனவே நிலத்தடியில் உப்பு ஏறிக்கிடக்கிறது. பம்புசெட்டை மின்கம்பியோடு இணைத்து, இறைக்காமல் விட்ட மின்சாரத்தை மின்வாரியம் விலைக்கு வாங்கினால்தான் மோட்டாரை நிறுத்துவதில் விவசாயிக்கு லாபம் இருக்கும்.

அடுத்த கிராமசபையில் மூன்றையும் தீர்மானமாகக் கேளுங்கள்: டிரான்ஸ்பார்மரின் திறன் என்ன, அதில் எத்தனை இணைப்புகள், பகல் நேர அட்டவணை எப்போது. பதில் எழுத்தில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.