கொழும்பில் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கேட்பதற்கு நல்ல பொட்காஸ்ட் சொல்லுங்கள், தமிழிலும் ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு முதலில் வந்திருக்கும் பதிலைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். "பொட்காஸ்ட் எல்லாம் வெட்டிப்பேச்சு, பஸ்ஸில் ஒரு நல்ல புத்தகத்தை எடுத்து வாசியுங்கள், காதால் கேட்டு யாரும் அறிவாளியானதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நிறையப் பேர் ஆதரவும் போட்டிருக்கிறார்கள். காலை ஏழரைக்கு வெள்ளவத்தையில் 100 ஆம் நம்பர் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கை மேலே கம்பியில், மற்றக் கை பையில். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை காலை மாற்றி வைக்கவும் இடமிருக்காது. வாசிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் வீடு முழுக்கப் புத்தகம்தான். ஆனால் "காதால் கேட்டு" என்ற அந்த வசனம் எனக்கு நன்றாகவே சுட்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் அறை எடுத்து இருந்துகொண்டு கோட்டைக்கோ புறக்கோட்டைக்கோ போகிற ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்லீஷ் விளங்கும், ஆனால் அமெரிக்கர்கள் வேகமாகக் கதைத்தால் பாதி பிடிபடாது. வீடு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம். அப்படி இல்லையென்றால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செயலி. கூகுள் தன்னுடைய பொட்காஸ்ட் செயலியை 2024 இல் மூடிவிட்டது. அன்ட்ரொய்ட் போன் என்றால் அன்டெனாபொட் போடுங்கள், இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. பொக்கட் காஸ்ட்ஸும் நல்லது. எதைப் போட்டாலும் முதல்நாள் இரவே வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்து வையுங்கள். டேட்டா மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரம் டவர்களும் படுத்துவிட்டன. போனில் இறக்கி வைத்திருந்தது மட்டும்தான் ஓடியது.

புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது 'சீரியல்', அதன் முதல் தொடர். 2014 இல் வந்தது, 12 பகுதிகள். 1999 இல் பால்டிமோர் நகரத்தில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். அவளுடைய முன்னாள் காதலன் அட்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை. அந்த வழக்கை சாரா கேனிக் என்ற நிருபர் திரும்பத் தோண்டுகிறார். தெரியாததைத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே போகும் குரல் அது, அதனால்தான் பிடித்து உட்கார வைக்கும். ஒரு வேண்டுகோள்: செத்தது உண்மையான ஒரு பிள்ளை. அவளுடைய குடும்பத்தார் எல்லோரும் அந்தத் துக்கத்தோடு இருந்தவர்கள். துப்பறியும் கதை மாதிரி இதைக் கேட்டு "யார் செய்தது" என்று வட்ஸ்அப் குரூப்பில் பந்தயம் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. கேட்டு முடித்த பிறகு வழக்கில் நடந்ததையும் தேடிப் பாருங்கள். 2022 இல் தீர்ப்பு ரத்தாகி அட்னான் வெளியில் வந்தார், 2023 இல் அந்த ரத்தே ரத்தானது, 2025 இல் இருந்த காலம் போதும் என்று நீதிபதி தண்டனையைக் குறைத்தார். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்தது ரோமன் மார்ஸின் '99 பர்சன்ட் இன்விசிபிள்'. கட்டடம், பாலம், வீதிப் பலகை என்று நாம் பார்த்தும் பார்க்காமல் போகிற பொருட்களைப் பற்றியது. நியூயோர்க்கின் சிட்டிகோர்ப் கட்டடம் பற்றிய பகுதியை மட்டுமாவது கேளுங்கள். 59 மாடி, 1977 இல் முடித்தது. தூண்கள் நாலு மூலையிலும் இல்லை, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கின்றன. மூலைப் பக்கமாக அடிக்கிற காற்றுக்கு அது தாங்குமா என்ற கேள்வி கட்டி முடித்த பிறகுதான் எழுந்தது. மூட்டுகளை வெல்டிங் பண்ணாமல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். 1978 இல் இரவிரவாக, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லாமல், இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். அந்த நேரம் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் விஷயம் வெளியில் வரவில்லை. இதைக் கேட்ட பிறகு எங்கள் ஒழுங்கைகளுக்குள் எழும்புகிற புது மாடிகளை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

நேரம் குறைவென்றால் பிபிசியின் 'விட்னஸ் ஹிஸ்டரி'. பத்து நிமிடத்துக்குள் முடியும். சம்பவத்தில் நின்ற ஆளே வந்து கதைப்பார். டிரபிக் இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்குவதற்குள் ஒன்று கேட்டுவிடலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம், 'இன் அவர் டைம்'. இதுவும் பிபிசிதான், வானொலி நான்கில் 1998 இல் தொடங்கியது. 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார், ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணித்தியாலம். பின்னணி இசை இல்லை, சிரிப்பு இல்லை. ஒளித்தொகுப்பு, பகவத் கீதை, அசோகர், எது வேண்டுமானாலும் வரும். வளவளவென்று போகிற பேராசிரியரை பிராக் நடுவில் மறித்து "சரி, அதற்குப் பிறகு?" என்கிற மாதிரி இழுத்து வருவார். பலருக்கு இது சலிக்கும் என்று தெரியும். எனக்கு இதைப் போல இன்னொன்று இல்லை. காரணம் என் அப்பா.

அப்பா நாளுக்கு மூன்று பேப்பர் வாசித்தவர். வீரகேசரி, தினக்குரல், ஒரு இங்லீஷ் பேப்பர். விளம்பரம்வரை வாசித்து, பேனையால் கோடு போட்டு, வெட்டி ஃபைலில் வைப்பார். குளுக்கோமா வந்து இரண்டு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசியில் பேப்பரை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். றேடியோ போட்டுக் கொடுத்தோம். எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் பாட்டு, விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து. "இதுக்கு மேல சொல்ல இவைக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டு நிறுத்திவிடுவார். போர்க்காலத்தில் இரவில் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, பிபிசி தமிழோசைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்த மனுசன் அவர். சிற்றலையில் அந்தத் தமிழோசையும் 2017 இல் நின்றுபோனது.

என் அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். நல்ல மனுசன், பாசமும் உண்டு. ஆனால் போனில் அவர் சொன்னது, "அப்பாவுக்கு கோயில் பாட்டுப் போட்டு விடு, இந்த வயசில வெள்ளைக்காரன்ட வகுப்பு எதுக்கு?" பக்திப் பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவே திருப்புகழ் விரும்பிக் கேட்பார். ஆனால் எண்பது வயதானால், கண் போனால், மூளையும் ஓய்வெடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வயது போனவர்களுக்குச் சாமி, பிள்ளைகளுக்குப் பகிடி, பெண்களுக்குச் சமையல் என்று நாமே பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். ஆளுக்கு என்ன அறிய ஆசை என்று யாரும் கேட்பதில்லை.

நான் அசோகர் பகுதியைத்தான் முதலில் போட்டேன். போனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்துச் சாய்மனைக் கதிரையின் கைப்பிடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அசைவில்லை, நித்திரை என்றுதான் நினைத்தேன். பிறகு கை எழும்பியது. "நிப்பாட்டு பிள்ளை." நிறுத்தினேன். "கல்வெட்டில பியதசி எண்டுதான் கிடந்தது. அது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பியதசிதான் அசோகன் எண்டு ஆதாரம் குடுத்தது இஞ்ச இருந்த டேர்னர். சிலோன் சிவில் சேர்விஸ். பாளி ஏட்டைப் பார்த்துச் சொன்னவன். ம், இப்ப போடு." ஜோர்ஜ் டேர்னரைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பிறகு தேடினேன், அப்பா சொன்னது அத்தனையும் சரி. ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தாவில் பிராமி எழுத்தை வாசித்த அதே 1837 இல், தீபவம்சம் என்ற பாளி ஏட்டைக் காட்டி அந்த முடிச்சை அவிழ்த்தவர் டேர்னர்.

அன்றிலிருந்து வீட்டில் பின்னேரம் இதுதான். அப்பா கேட்பார், நடுவில் நிறுத்தச் சொல்வார், எதிர்த்து வாதாடுவார். ஒரு பகுதி முடிந்ததும் பழைய ஃபைலில் எந்த இடத்தில் எந்தக் கட்டுரை இருக்கிறது என்று சொல்லி என்னை எடுத்து வாசிக்கச் சொல்வார். காதால் கேட்டு அறிவு வராது என்று எழுதியவர் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

சம்பந்தம் இருக்கோ இல்லையோ, கேட்பது என்று வந்தபடியால் இதையும் சொல்கிறேன். அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற இடத்தில் நம்பரை ஒலிபெருக்கியில் சிங்களத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் காலங்காலமாகக் கொழும்பில் இருக்கிறோம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் பக்கத்துக் கதிரையில் முல்லைத்தீவில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த ஓர் அம்மா. கையில் நம்பர் துண்டு, கண்ணில் பஞ்சு. அவருடைய நம்பர் இரண்டு தரம் கூப்பிட்டுத் தாண்டிப் போய்விட்டது. நான் துண்டை வாங்கிப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. எழும்பிப் போய்ச் சொன்னேன், "கடைசியில பார்க்கலாம்" என்றார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. கண் தெரியாதவர்கள் வருகிற இடத்தில், காதால் மட்டுமே அறியக்கூடிய ஒரு நம்பரைத் தமிழில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த அம்மா பின்னேரம் மூன்று மணிவரை காத்திருந்தார்.

சரி, தமிழுக்கு வருகிறேன். தீபிகா அருணின் 'கதை ஓசை' நல்லது, தமிழ் நாவல்களையும் சிறுகதைகளையும் குரல் மாற்றி, அவசரப்படாமல் வாசிப்பார். அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் செய்தியும் நேர்காணலும் போடுகிறது, ஈழத்துக் குரல்கள் அடிக்கடி வரும், ஒலித்தரம் சுத்தம். நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளத்திலும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. அது பொட்காஸ்ட் இல்லை, ஆனால் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாயாலே சொல்வதைக் கேட்க விரும்பினால் அங்கே தேடுங்கள்.

இங்லீஷ் பெயர்களை அடுக்கிப் படம் காட்டுகிறேன் என்று சிலர் கீழே எழுதுவீர்கள். எனக்கும் தமிழில் அடுக்கத்தான் ஆசை. ஆனால் சென்னையில் இருந்து வருகிற பலவற்றில் இரண்டு நண்பர்கள் மைக்குக்கு முன்னால் இருந்து சினிமாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அது வேண்டியவர்களுக்கு இருக்கட்டும், நான் சென்னைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. என் கோபம் எங்கள் மேல். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில், லண்டனில் பிபிசி தொடங்கி மூன்றே வருடத்தில். ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது குரல்களுக்காகத் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்று ஒரு போனும் ஐயாயிரம் ரூபாய் மைக்கும் இருந்தால் போதும். கந்தளாய்க் குளத்தைப் பற்றியோ, ஊவாத் தோட்டத்து லயங்களைப் பற்றியோ, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைப் பற்றியோ, தெரிந்த மூன்று பேரை இருத்தி முக்கால் மணித்தியாலம் ஒழுங்காகக் கதைக்க வைக்க ஆள் கிடைக்காதா? பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் கட்டாயம் செய்யலாம். யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், எதில் கதைத்தாலும் நாங்கள் கேட்போம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒழுங்கு இது: போகும்போது 'விட்னஸ் ஹிஸ்டரி', வரும்போது 'சீரியல்'. அது முடிந்ததும் 'இன் அவர் டைம்' பட்டியலில் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த தலைப்பு ஒன்றை எடுங்கள். தெரியாத தலைப்பில் தொடங்கினால் பெயர்கள் மட்டும்தான் காதில் விழும். வேகத்தைக் கூட்டாதீர்கள், விளங்காவிட்டால் 0.9 க்குக் குறையுங்கள். பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், கொண்டக்டர் கூப்பிடுவதும் கேட்க வேண்டும்.

இலங்கை வரலாறு பற்றித் தமிழில் யாராவது ஒழுங்காகத் தொடர்ந்து செய்கிற பொட்காஸ்ட் உங்களுக்கோ இதை வாசிக்கிற வேறு யாருக்குமோ தெரிந்தால் கீழே இணைப்பைப் போடுங்கள். நான் முதலில் ஒரு பகுதி கேட்டுப் பார்த்து அப்பாவுக்குப் போட்டுக் கொடுப்பேன். பிழை இருந்தால் அவர் சொல்லுவார், அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.